சிவந்த கொலுசு

எனக்கு வாய் நீளம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காமலே சொல்கிறவர்களும் உண்டு. அந்த வாயால் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தேன். கெடுத்தது நான்தான் என்று தெரிய எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அதைத் தெரியவைத்தது பத்தாம் வகுப்பு வேதியியல் பாடமும் ஓர் இரும்பு ஆணியும்.

சேலத்துக்கு மேற்கே எங்கள் பக்கத்து ஊர்களில் கொலுசு வேலை தெரியாத வீடு குறைவு. கம்பி இழுக்க ஒருவர், வளையம் கோக்க ஒருவர், பற்றவைக்க ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை. நான் இருந்த பட்டறையில் பத்துப் பன்னிரண்டு பேர். என்னுடையது வெளுப்பு வேலை. பற்றவைத்த கொலுசு நெருப்பில் வெந்து கன்னங்கரேல் என்று வரும். அதை வெதுவெதுப்பான ஆசிட் தொட்டியில் போட்டுக் குச்சியால் புரட்டி எடுத்தால் கருப்பு போய் வெள்ளைவெளேர் என்று ஆகிவிடும். பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும். பதினைந்து வருடம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். புகைக்கு இருமி இருமி என் குரல் ஆம்பிளைக் குரலாகவே ஆகிவிட்டது.

தொட்டிக்கென்று சில சட்டங்கள் இருந்தன. செருப்புக் காலோடு கிட்டே போகக்கூடாது. வெள்ளிக்கிழமை முதல் கொலுசு போடுமுன் கற்பூரம் காட்ட வேண்டும். மூங்கில் குச்சியால்தான் புரட்ட வேண்டும். பெண்கள் வீட்டுக்குத் தூரமாக இருக்கும் மூன்று நாளும், அதாவது மாதவிலக்கு நாட்களில், தொட்டிப் பக்கமே வரக்கூடாது. வாசல் ஓரமாக உட்கார்ந்து வளையம் கோக்கலாம். இதெல்லாம் ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் தொட்டியில் நின்றவள் எனக்குச் சொன்னாள், பின்னால் வந்தவர்களுக்கு நான் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் மிரட்டியும் சொன்னேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

அப்படிப் பின்னால் வந்தவள்தான் அவள். வெண்ணந்தூர்ப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண், எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். எனக்குத் துணையாகத் தொட்டிக்குப் போட்டார்கள். கை சுறுசுறுப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு "ஏனுங்க்கா" போடுவாள்.

"ஏனுங்க்கா, ஆசிட்டு புதுசுல தண்ணியாட்டந்தான இருக்குது? போகப்போக எதுக்கு நீலமாவுது?"

"அழுக்கு எறங்குது."

"அழுக்கு நீலமாவா இருக்கும்?"

"ஏம் புள்ள, நீ வேலை பாக்க வந்தியா, வெளக்கம் கேக்க வந்தியா?"

அவள் சிரித்துக்கொண்டே புரட்ட ஆரம்பித்துவிடுவாள். எனக்கு எரிச்சல் அவள் கேட்டதில் இல்லை, எனக்குப் பதில் தெரியாததில்தான். இதை இப்போது சொல்கிறேன், அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

அது தீபாவளிக்கு முந்தின வாரம். பெரிய ஆர்டர், எல்லோரும் பறந்துகொண்டிருந்தோம். காலையில் புரட்டிக்கொண்டிருக்கும்போதே என் மூங்கில் குச்சி முனையில் பிளந்துவிட்டது. புதுக் குச்சி சீவ நேரமில்லை. பற்றவைக்கும்போது கொலுசு நகராமல் கட்டிவைக்க மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள், கட்டுக்கம்பி என்போம். அதை அவிழ்த்துவிட்டுத்தான் கொலுசு எங்களிடம் வரும். அதில் ஒரு முழம் எடுத்துப் பிளந்த இடத்தில் இறுக்கிச் சுற்றினேன். குச்சி கல்லாட்டம் நின்றது.

"பாத்தியா புள்ள, எதுக்கும் மூளை வேணும்," என்று அவளிடம் பீற்றிக்கொண்டேன். அடுத்த கூடையைத் தொட்டியில் கொட்டினேன், குச்சியைக் கொலுசுக் குவியலுக்குள்ளேயே சாய்த்து வைத்தேன், டீக்குப் போனேன். போனவள் சும்மா திரும்புவேனா? நாலு பேச்சுப் பேசிவிட்டுத்தான் வந்தேன்.

வந்தபோது அவள் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையுறை போட்ட கையில் ஒரு ஜோடி கொலுசு. அது வெள்ளையாக இல்லை. புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் மாதிரி சிவந்திருந்தது. நானும் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியிலிருந்து அள்ளி அள்ளிப் பார்த்தேன். குவியல் முழுக்க அப்படித்தான். சில ஜோடி முழுச் சிவப்பு, சில ஜோடி திட்டுத்திட்டாக.

முதலாளி ஓடிவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வெள்ளிக்கு ஒன்று என்றால் ஆளே மாறிவிடுவார். "என்ன ஆச்சு? யாரு என்ன பண்ணுனீங்க?" என்று கத்தியவர் என்னைத்தான் பார்த்தார். தொட்டிக்குப் பொறுப்பு நான். பட்டறை முழுக்க என்னைப் பார்த்தது. அந்த நேரத்தில் என் வாய்க்கு முதலில் கிடைத்த ஆள் அவள்.

"நான் தொட்டிக்கிட்டயே இல்லீங்க, டீக்குப் போயிருந்தேன். இவதான் நின்னா. ஏம் புள்ள, நீ ஊட்டுக்குத் தூரமா?"

ஆண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "இல்லீங்க்கா. சத்தியமா இல்லீங்க. நான் தூரம் கழிஞ்சு குளிச்சுப் பத்து நாளாச்சுங்க."

"அப்பறம் எப்படிச் செவந்துது?"

"தெரியலீங்க்கா." அவள் அழவில்லை. தொட்டியைக் காட்டினாள். "ஆனா அதப் பாருங்க. குச்சியில நீங்க சுத்துன கம்பியும் செவந்து கெடக்குது. காலையில கருப்பாத்தான இருந்துச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. "செஞ்ச தப்ப மறைக்கறதுக்கு எம்மேல சாட்டறயா?" என்று கத்திக்கொண்டே குச்சியைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தேன். கோபத்தில் எறிந்தேனா, வேறெதற்காவது எறிந்தேனா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. முதலாளி என்னை ஒருமுறை பார்த்தார், இந்த மாதிரி விஷயத்தில் பட்டறையில் என் சொல்தான் முடிவு. "இவ இங்க ஆகாதுங்க," என்றேன்.

அந்த நிமிடமே அவளை அனுப்பிவிட்டார்கள். கொலுசு அத்தனையையும் உருக்கித் திரும்பச் செய்தோம். பேச்சு அதோடு நிற்கவில்லை. "அவ கை பட்டா வெள்ளி செவக்கும்" என்று ஊர் முழுக்கப் பரவியது. பரப்பியதில் என் பங்கு சின்னது இல்லை. பக்கத்து ஊர்ப் பட்டறைகளிலும் அவளைச் சேர்க்கவில்லை. வளைகாப்புக்குப் போனால் வளையல் அடுக்க அவளைக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். கடைசியில் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போனாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வழியில் எதிரே பார்த்துவிட்டால் நான் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

மூன்று வருடம் இப்படியே போயிற்று. அப்புறம் என் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். விண்ணப்பத்தில் "தாயின் கல்வித் தகுதி" என்று ஒரு கட்டம். மகள் அதில் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். அவள் ஒன்றும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. ஆனால் எனக்கு உறைத்தது. ஒன்பதாவது முழுசாகப் படித்தவள் நான், கோடு போட நான் என்ன காலி இடமா? "இரு, அந்தக் கட்டத்துல எழுதறாப்புலப் பண்றேன்," என்று வீம்புக்குச் சொல்லிவிட்டுத் தனித்தேர்வராகப் பத்தாவதுக்குப் பதிந்துகொண்டேன்.

தனியாக எழுதுகிறவர்களுக்கும் அறிவியல் செய்முறை வகுப்பு உண்டு. சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நடந்தது. லாரி ஓட்டுகிறவர் ஒருவர், தறி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர், ஒருமுறை எழுதித் தேறாமல் போன சின்னப் பெண்கள் சிலர், நான். டீச்சர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாளே என் மானம் போயிற்று. "அமிலமும் காரமும் சேர்ந்தா என்ன கிடைக்கும்?" என்று டீச்சர் கேட்டார். அமிலம் என்றால் புளிப்பு என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"கொழம்புங்க டீச்சர்."

லாரிக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உப்பும் தண்ணியும் கிடைக்கும்க்கா," என்றார்.

"அதுவும் கொழம்புல இருக்குதுங்களே."

"இது மிளகாய்க் காரம் இல்லக்கா. சுண்ணாம்பு, சோப்புக்குப் போடற சோடா இந்த மாதிரி. அமிலத்தோட சேர்ந்து அதோட வீரியத்தை அடக்கற பொருளுக்குக் காரம்னு பேரு." அன்றிலிருந்து அந்த வகுப்பில் என் பேரே கொழம்பு அக்கா ஆகிவிட்டது. நானும் விட்டுவிட்டேன், சின்னப் பிள்ளைகள் சிரிப்பதில் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

மூன்றாவது சனிக்கிழமையோ நாலாவதோ. டீச்சர் ஒரு சோதனைக் குழாயில் நீர்த்த அமிலம் ஊற்றித் துத்தநாகத் துண்டைப் போட்டார். நுரை நுரையாகக் கிளம்பியது. குழாய் வாயில் எரிகிற குச்சியைக் காட்டினார், "டப்" என்று சத்தம். ஹைட்ரஜன் என்றார். அடுத்து ஒரு செம்புத் துண்டு. அது சும்மா கிடந்தது. "சில உலோகத்தை நீர்த்த அமிலம் ஒண்ணும் பண்ணாது. செம்பு, வெள்ளி, தங்கம் இதெல்லாம் அப்படி," என்றார். வெள்ளியைப் பற்றி எனக்கே பாடமா என்று நான் உள்ளுக்குள் நொடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கருப்புப் பொடியை எடுத்தார். "செம்பைச் சுட்டா மேல கருப்பாப் படியும் இல்லையா? அதுதான் இது, செம்பு ஆக்சைடு. செம்பை ஒண்ணும் பண்ணாத அமிலம் இதை விடாது. ஏன்னா உலோக ஆக்சைடு காரம் மாதிரி நடந்துக்கும்." பொடியைச் சூடான அமிலத்தில் போட்டுக் கலக்கினார். கருப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. தண்ணீர் தெளிந்து நீலமாக நின்றது.

அது என் தொட்டியின் நீலம். பதினைந்து வருடம் நான் பக்கத்தில் நின்ற நீலம். வெள்ளி மெத்தென்று போகாமல் நிற்க அதில் கொஞ்சம் செம்பு கலப்பார்கள், அது எனக்குத் தெரியும். நெருப்பில் கருத்தது அந்தச் செம்பு. ஆசிட் கரைத்தது அந்தக் கருப்பை. வெள்ளியை அது தொடவே இல்லை. தொட்டியில் இறங்கியது அழுக்கு இல்லை, செம்பு. அழுக்கு நீலமாவா இருக்கும் என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

டீச்சர் நிறுத்தவில்லை. அந்த நீலத் தண்ணீரில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டார். "இரும்பு செம்பைவிடத் துடிப்பான உலோகம். அது கரைஞ்சு உள்ளே போகும், உள்ளே இருக்கற செம்பை வெளியே தள்ளிடும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்க." பொறுத்தோம். ஆணியை எடுத்தார். முக்கின வரைக்கும் ஆணி சிவந்திருந்தது.

எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது, நின்றுவிட்டேன். "டீச்சர், அந்த ஆணியோட ஒரு வெள்ளிக் கொலுசும் சேந்து கெடந்தா என்னாகுங்க?"

"கொலுசு மேலயும் செம்பு படியும்க்கா. இரும்பு அதைத் தொட்டுட்டு இருந்தாப் போதும்."

"இரும்பு இல்லாட்டி? மூங்கிக் குச்சியா இருந்தா?"

"மூங்கில் என்ன பண்ணும்? ஒண்ணும் ஆகாது."

"பொம்பளைங்க தூரமா இருக்கறப்பத் தொட்டா?"

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கும் ஆசிட்டுக்கும் சம்பந்தமே இல்லக்கா," என்றார். நான் உட்கார்ந்தேன். அடிப்பாவி, அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருமுன் பட்டறைக்குப் போய், ஒரு கிண்ணத்தில் தொட்டி ஆசிட்டை மொண்டு, அறுந்த கொலுசுத் துண்டு ஒன்றையும் கட்டுக்கம்பியையும் சேர்த்துப் போட்டேன். சிவந்தது. அப்புறமும் ஒரு வாரம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்கிற வாய் இதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. பயம்தான், வேறென்ன? ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பாட்டிலில் நீல ஆசிட்டையும் ஒரு ஆணியையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க்கா," என்றாள். சேர் எடுத்துப் போட்டாள், சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கதவைச் சாத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பாட்டிலில் ஆணியைப் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிவந்ததும் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேனுங்க்கா."

"ஆமா, நீ சொன்னே சாமி."

"நீங்க குச்சிய அடுப்புல போட்டீங்க."

"போட்டேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னைய ரெண்டு அடி அடிச்சிரு கண்ணு, வாங்கிக்கறேன்."

"அடிச்சு என்னங்க்கா ஆகப்போவுது?" அவள் குரல் உயரவே இல்லை. "இத எங்கிட்டச் சொல்ல எதுக்கு வந்தீங்க? நான் ஒண்ணும் பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. எல்லாரும் நிக்கறப்ப எம் மானத்த வாங்குனீங்கல்ல, எல்லாரும் நிக்கறப்பச் சொல்லுங்க."

"நாளைக்கே சொல்றேன்."

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். "நாளைக்கு வேண்டாங்க. இன்னும் ஒரு பத்துப் பன்னண்டு நாளு போவட்டும். நான் போன் பண்றேன். அன்னைக்கு நானும் வாரேன்." பண்ணையில் லீவு கேட்க வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டு நான் தலையாட்டினேன்.

பதின்மூன்றாம் நாள் போன் வந்தது. மறுநாள் காலை எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தாள், பட்டறைக்குள் நுழையாமல் வாசற்படியில் நின்றாள். நான் முதலாளியையும் மற்றவர்களையும் தொட்டிப் பக்கம் கூப்பிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். பிளந்த குச்சி, சுற்றிய கம்பி, டீக்குப் போனது, குச்சியை எரித்தது. கிண்ணத்தில் கொலுசுத் துண்டையும் கம்பியையும் போட்டுச் சிவக்க வைத்தும் காட்டினேன்.

"அந்தக் கம்பி நான் சுத்துனதுங்க. அவளுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. தப்பு எம்மேலதானுங்க."

முதலாளி சிவந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல், பற்றவைக்கிறவர், "கம்பி சரிங்க. இருந்தாலும் தீட்டுன்னு ஒண்ணு இருக்குதல்லங்க?" என்றது. நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. எனக்குக் கோபம் பொங்கியது.

அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். "ஏனுங்க, இன்னிக்கு ஒரு கூடை வெளுப்பு நான் போடட்டுங்களா?" என்று முதலாளியைக் கேட்டாள். அவர் சரி என்றார். கையுறை மாட்டினாள். புது மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து முனையைத் தடவிப் பார்த்தாள். கருத்த கொலுசு ஒரு கூடை முழுக்கத் தொட்டியில் கொட்டி, அவசரமில்லாமல் புரட்டினாள். எடுத்தாள். அலசி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்து, துணியில் பரப்பினாள். ஒவ்வொரு ஜோடியும் வெள்ளைவெளேர் என்று இருந்தது. பற்றவைக்கிறவரே ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குதுங்க," என்றார்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "தப்பாப் போச்சு சாமி. மனசுல வெச்சுக்காத. நாளையில இருந்து வேலைக்கு வந்துரு."

அவள் கையுறையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினாள். "வாரேனுங்க. ஆனா ஒண்ணு சொல்லீர்றேன். நான் இன்னிக்கு ஊட்டுக்குத் தூரமுங்க. ரெண்டாம் நாளு. நாளைக்கு மூணாம் நாளு. வரலாமுங்களா?"

அந்தக் காலண்டர் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பற்றவைக்கிறவர் கையிலிருந்த கொலுசைக் கீழே வைக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"வா புள்ள," என்றேன். "நேரத்துக்கு வந்துரு."